ஏழாம் மாடிவரை நிற்காமல்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்காரர் அளவுக்கு மேலே போனவர் யாரும் கிடையாது. முதலாளியே காலையில் ஒரு முறைதான் ஏழாம் மாடிக்குப் போவார். லிஃப்ட்காரர் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தார். என்ன, எல்லாம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே போனது. இரும்புக் கிராதியை இழுத்துச் சாத்துவது, கைப்பிடியைத் திருப்புவது, மாடியைச் சொல்வது, கிராதியை இழுத்துத் திறப்பது. இவ்வளவுதான் அவர் உடம்பு செய்த வேலை. வலது தோள் மட்டும் பயில்வான் தோள் மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் முக்காலிக்குத் தகுந்தபடி இறங்கிப் படிந்துவிட்டது.

அவர் மகளை வீட்டில் பட்டதாரி என்றே கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கின முதல் ஆள் அவள்தான். பல்பு எரியவில்லையா, பட்டதாரியைக் கூப்பிடு. சித்தப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதா, பட்டதாரியைக் கேள். தெரியாது என்று சொன்னால், "அப்புறம் எதுக்குப் படிச்சே?" என்பார்கள். அவள் படித்தது விலங்கியல். வேலை, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேசையில். விலங்குக்கும் ரத்தம் உண்டே என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பழைய லிஃப்ட்டைக் கழற்றிவிட்டு, பொத்தானை அமுக்கினால் தானே போகிற புது லிஃப்ட் வைக்கப்போகிறோம் என்று ஒருநாள் அறிவிப்பு ஒட்டினார்கள். தானே போகிற லிஃப்ட்டுக்கு ஆள் எதற்கு? பணியாளர் அதிகாரி, லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அலுவலகத்தில் உட்காரச் சொன்னாலே சேதி நல்லதில்லை.

"பெரியவரே, எவ்வளவோ வருஷம் உழைச்சுட்டீங்க. இனிமே வீட்டுல நிம்மதியா இருங்களேன்."

"வீட்டுல என்ன சார் வேலை இருக்கு?"

"வேலையே வேணாம்னுதான் சொல்றேன்."

"அதான் சார் கேக்கறேன். வேலை இல்லாம வீட்டுல என்ன வேலை?"

அதிகாரிக்குப் பட்டதாரியின் வயதுதான் இருக்கும். அவர் அப்பாவும் எங்கேயோ அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது, அவ்வளவுதான். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். மாடி மாடியாகக் கோப்பு சுமந்து போகிற வேலை ஒன்று காலியாக இருந்தது. புது லிஃப்ட் வரும்வரை எல்லாம் படிதான். வந்த பிறகும் அது அதிகாரிகளுக்குத்தான்.

"கீழேருந்து ஏழாம் மாடிவரைக்கும் நடுவுல எங்கயும் நிக்காம ஏறிக் காட்டணும். நான் கூடவே வருவேன். மேல நர்ஸ் நாடி பார்ப்பாங்க. சரியா இருந்தா வேலை உங்களுக்கு. ரெண்டு மாசம் டைம்."

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, பட்டதாரி கையிலிருந்த தட்டை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

"அவன் யாருப்பா இதைக் கேக்க? அவன் ஏறுவானா?"

"அவருக்குப் பொத்தான் வருதும்மா."

அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சூடான கால்களை ஒரு வாளித் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். "நாள் பூரா நிக்கறவ நான். நாள் பூரா உக்காந்திருக்கறவரு இவரு. சாயங்காலமானா ரெண்டு பேருக்கும் கால் வலி. எந்தக் கணக்குடி இது?"

மறுநாள் பட்டதாரி அப்பாவைத் தன் பரிசோதனைக் கூடத்துக்கு வெறும் வயிற்றோடு இழுத்துப் போனாள். முடிவு அவள் மேசைக்கே வந்தது. சர்க்கரை கூடியிருந்தது. ரத்த அழுத்தம் கூடியிருந்தது. கொழுப்பு கூடியிருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் பரவாயில்லை, மாத்திரை தருகிறேன், ஆனால் நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் படியேறலாம், நெஞ்சு வலித்தால் உடனே உட்கார வேண்டும் என்றார். "உட்கார்ந்தே இருந்தீங்கன்னா மாத்திரை மட்டும் என்ன செய்யும்?"

வீட்டில் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. வேலை போனால் அப்பா அதில்தான் போய் உட்காருவார். உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது. அந்த மாதிரி நாற்காலிகளிலிருந்து புறப்பட்டு வருகிறவர்களைப் பட்டதாரி தினமும் தன் மேசைக்கு முன்னால் பார்த்தாள். ஒரு பக்கம் மகனும் ஒரு பக்கம் மருமகளும் பிடித்துக்கொண்டு வருவார்கள். நடுவில் இருப்பவர், தன்னை எங்கே கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுகூடக் கேட்க மாட்டார். அவளுக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எதற்கும் முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

"காலைல எழுந்திரு. நாம ஏறப்போறோம்" என்றாள்.

அவர்கள் இருந்தது ஐந்து மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில். லிஃப்ட் இல்லாத கட்டடம். அதனால்தான் அப்பா தரைத்தளமாகப் பார்த்துப் பிடித்திருந்தார். அத்தனை வருஷத்தில் மொட்டை மாடியை அவர் பார்த்ததில்லை. முதல்நாள் ஒன்றாம் மாடி போவதற்குள் கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"இது என்னம்மா, போய்க்கிட்டே இருக்கு?"

"படின்னா அப்படித்தான்ப்பா."

அதோடு நிறுத்தினார்கள். மறுநாளும் ஒன்றாம் மாடிதான். சில நாள் கழித்து இரண்டு. தேநீரில் சர்க்கரை பாதியானது, பிறகு அதிலும் பாதியானது. ராத்திரி தொலைக்காட்சியை அம்மா அணைத்துவிட்டு, ரிமோட்டை இஸ்திரித் துணிக்கு நடுவில் மடித்து வைத்துவிடுவாள். சாப்பிட்டதும் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு. ஒருநாள் நடந்துவிட்டு வரும்போது அவர் வாயோரத்தில் கிரீம் பிஸ்கட்டின் தூள் இருந்தது.

"அப்பா, இது என்ன?"

"டீயில சர்க்கரை வேணாம்னு சொன்னே. பிஸ்கட்டுல வேணாம்னு சொல்லலியே."

"சட்டம் பேசறியா?"

"நீ மத்தியானம் என்ன சாப்பிடறே? அதே பிஸ்கட்டுதானே? உன் ஆபீஸ் பையை நான் பார்க்கலேன்னு நினைச்சியா?"

இது உண்மை. மேசையை விட்டு எழ நேரமில்லாமல் பட்டதாரி ஒரு பாக்கெட் பிஸ்கட்டில்தான் மதியத்தை ஓட்டினாள். மற்றவர்களின் சர்க்கரையைத் தட்டச்சு செய்துகொண்டே அதைத் தின்பாள். படியேற்றப் பயிற்சியையும் அவள் இதுவரை கீழ்ப்படியில் உட்கார்ந்துதான் நடத்திவந்தாள். மறுநாளிலிருந்து பிஸ்கட் வீட்டுக்குள் வரவில்லை. இரண்டு பேரும் அவித்த முட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருடைய பையும் ஒரே மாதிரி நாறியது.

ஒரு மாதம் ஆனபோது அப்பா ஐந்து மாடியும் ஏறினார். இடுப்பு வாரில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. அம்மா அவரை ஓரக்கண்ணால் பார்த்து, "பரவாயில்ல, கல்யாணத்தன்னிக்குப் பார்த்த ஆளு உள்ளே இன்னும் இருக்கான் போல" என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. அவர் ஒவ்வொரு மாடியிலும் நின்றார்.

பட்டதாரி முதலில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்தாள். கூடவே ஏறிப் பார்த்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. மாடித் திருப்பம் வந்ததும் அப்பா ஓரமாக ஒதுங்கினார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். "ரெண்டாம் மாடி" என்றார். வலது கை தானாக உயர்ந்து, இல்லாத கிராதியை இழுத்தது. இரண்டு பேர் இறங்கி ஒருவர் ஏறுகிற நேரம் காத்திருந்தார். மறுபடி கிராதியைச் சாத்தினார். மேலே போனார்.

"அப்பா! என்ன பண்றே?"

"என்ன பண்றேன்?"

"ஏன் நின்னே?"

"மாடி வந்துச்சே."

மூச்சு வாங்குவதை மறைக்க நடிக்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஒழுங்காக ஓடியது. அவளுடையதுதான் குதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு வாரம் அந்தக் கட்டடத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. "நிக்காதே! நிக்காதேப்பா!" என்று காலங்காத்தாலே கத்திக்கொண்டு அவள் பின்னால் ஓடுவாள். அவர் "சரிம்மா, சரிம்மா" என்பார். மாடி வந்ததும் நின்றுவிடுவார். கால் கேட்கவில்லை என்றார். இரண்டாம் மாடி அத்தை ஒருநாள் கதவைத் திறந்து, "தெனமும் நம்ம வாசல்ல வந்து 'ரெண்டாம் மாடி'ங்கறாரே, எனக்குத் தெரியாதா எந்த மாடின்னு?" என்று கேட்டாள். அப்பா அவளிடம், "மேலயா, கீழயா?" என்றார். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.

சோதனைக்கு ஒரு வாரம் இருந்தது. சாப்பிடும்போது அம்மாதான் கேட்டாள். "அத்தனை வருஷத்துல ஒருநாளாவது நடுவுல நிறுத்தாம ஓட்டினதில்லையாங்க நீங்க?"

"ஏன் இல்ல? தினமும் காலைல உண்டே. முதலாளி ஏறினா நடுவுல யாரு மணி அடிச்சாலும் நிறுத்தக் கூடாது. பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. நேரா ஏழு."

பட்டதாரி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் கீழ்ப்படியில் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "நான்தான் முதலாளி. மேல போ."

அப்பா திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. ஏறினார். ஒன்றாம் மாடி வந்தது, போனது. இரண்டாம் மாடி அத்தை கதவிடுக்கில் காத்திருந்தாள். அவளையும் தாண்டிப் போனார். மூன்றாம் மாடியில் முதலாளிக்கு நெஞ்சு அடைத்தது. பட்டதாரி சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். மேலே போய்க்கொண்டிருந்த காலடி நின்றது. அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். "மூணாம் மாடி" என்றார். அவளைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய்த் தரைத்தளத்தில் நின்றுகொண்டார்.

"எங்கே போறே?" என்று அவள் மேலிருந்து கத்தினாள்.

"நீ இறங்கிட்டே. காலி வண்டி கீழதான் வந்து நிக்கணும்."

"நான் இறங்கலப்பா! மூச்சு வாங்குது!"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? மேலேருந்து மணி வந்தா வருவேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. முதலாளி நிற்காவிட்டால் அப்பா நிற்க மாட்டார். அந்த வாரம் முழுக்க அவள் சீக்கிரம் படுத்தாள், அலுவலகத்துக்கு நடந்தே போனாள், அப்பாவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். கடைசி நாளுக்குள் அவளாலும் ஐந்து மாடி ஏற முடிந்தது. மிச்சம் இரண்டு மாடிக்குக் கோபம் போதும் என்று கணக்குப் போட்டாள்.

சோதனையன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனாள். பழைய லிஃப்ட்டைக் கழற்றியிருந்தார்கள். அது இருந்த இடம் ஒரு நீளமான கிணறு மாதிரி தரையிலிருந்து கூரைவரை காலியாக இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் படிக்கட்டு மேலே போனது. முக்காலி மட்டும் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

நர்ஸ் ஏழாம் மாடிக்குப் போய்விட்டிருந்தாள். பணியாளர் அதிகாரி பளபளக்கிற காலணியோடு தயாராக இருந்தார். பட்டதாரி அப்பாவின் பின்னால் போய் நின்றதும், "நீங்க யாரு?" என்றார்.

"மகள்."

"சாரி, வெளியாளுங்க படியில வரக் கூடாது. நான் மட்டும்தான் கூட வரணும்."

"நான் பின்னாடிதானே சார் வரேன்? தூக்கிட்டா போகப்போறேன்?"

"அதுதான் முறைங்க."

முறை என்ற சொல்லைக் கேட்டால் பட்டதாரிக்குக் காது சிவக்கும். கல்லூரியில் சேரப் போன நாளிலிருந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன சொன்னாலும் வேலை போகும் என்று தெரிந்ததால், வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, அப்பாவின் காதருகே போனாள்.

"அப்பா, இன்னிக்கு இவருதான் முதலாளி."

அப்பா அதிகாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இவரா?"

"ஆமா. இவருதான்."

"முதலாளி இதைவிடக் குண்டும்மா."

"அப்பா!"

"சரி, சரி." அதிகாரியைப் பார்த்து ஒதுங்கி நின்று, கையை நீட்டி உள்ளே வரச் சொன்னார். அதிகாரி எதற்கென்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் பின்னால் வந்து நின்றார். அப்பா இல்லாத கிராதியைச் சாத்தினார். ஏறத் தொடங்கினார்.

பட்டதாரி கிணற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றி இறங்கியது. அப்பாவின் ரப்பர் செருப்பு சதக், சதக். அதிகாரியின் காலணி டக், டக். ஒன்றாம் மாடி போனது. இரண்டு. மூன்று. செருப்புச் சத்தம் மாறவில்லை. காலணிச் சத்தம் டக் ஆகி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக் ஆனது. போய்யா, கொஞ்சம் போய்யா என்று அவள் கம்பியிடம் சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரி நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டாள்.

நாலாம் மாடியில் காலணி நின்றது. செருப்பும் நின்றது.

"நாலாம் மாடி" என்று அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீங்க... நீங்க போங்க... பெரியவரே..." அதிகாரியின் குரல் துண்டு துண்டாக விழுந்தது. "நான்... ஒரு நிமிஷம்..."

"பரவாயில்ல சார். பார்த்து இறங்குங்க."

சதக், சதக், சதக். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேலே போகிற சத்தம் அப்படிப் பெரிதாகாது. பட்டதாரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அப்பா எதிரில் நின்றார். கை கட்டி, முகத்தில் கடமை முடிந்த அமைதியோடு.

"அப்பா."

"அவரு இறங்கிட்டாரும்மா."

"நடுவுல நின்னா போச்சுன்னு சொன்னாங்களேப்பா! ரெண்டு மாசம்! முட்டை தின்னு தின்னு எனக்கே இறக்கை முளைச்சிருக்கும்! அவன் நின்னா நீ ஏன்ப்பா நிக்கறே? அவன் நின்னா நீ ஏறு! எப்பவும் அவனுங்க நிக்கற இடத்துலதான் நாம நிக்கணுமா?"

குரல் கிணற்றில் ஏறி ஏழாம் மாடிவரை போனது. அப்பா அவளையே பார்த்தார். அவர் கண்ணில் நீர் வந்தது, உடனே துடைத்துக்கொண்டார். "எனக்கும் தெரியுதும்மா. காலுக்குத் தெரியலியே. நாற்காலிதான் எனக்கு. விடு."

மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நர்ஸ். "என்னங்க, யாராவது வர்றீங்களா இல்லையா? எவ்வளவு நேரம் நான் மட்டும் நிக்கிறது?"

பட்டதாரி அண்ணாந்து நர்ஸைப் பார்த்தாள். பிறகு கம்பிக்குள் முகத்தை நுழைத்து, "சிஸ்டர்! மணி அடிங்க!" என்று கத்தினாள்.

"என்னது?"

"எதையாவது அடிங்க சிஸ்டர்! கம்பியைத் தட்டுங்க! கேள்வி கேக்காதீங்க!"

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். பைத்தியங்களோடு பழகின தொழில். சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கிராதியில் தட்டினாள். கிணங், கிணங் என்று அது ஏழு மாடியும் இறங்கி வந்தது.

அப்பாவின் தலை நிமிர்ந்தது. "ஏழுலேருந்து கூப்பிடறாங்க" என்றார். யாரையும் கேட்காமல் திரும்பினார். காலி வண்டி, மேலே ஒரே ஆள், நடுவில் யாரும் மணி அடிக்கவில்லை. செருப்பு ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாம் மாடியில், சுவரோரம் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியைத் தாண்டியது. நிற்கவில்லை. ஐந்து. ஆறு. சத்தம் சிறிதாகிச் சிறிதாகி, கிணற்றின் உச்சியில் நின்றது.

"ஏழாம் மாடி" என்றது குரல். அதில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. கொஞ்சம்தான்.

பட்டதாரி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் நாடி பார்க்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு மேலேயிருந்து குரல் வந்தது. "நல்லாத்தான் இருக்கு! என் நாடியைவிட நல்லா இருக்கு!"

"நான்... நான் பார்க்கலியே" என்று நாலாம் மாடியிலிருந்து அதிகாரி சொன்னார். "அஞ்சு, ஆறு... நின்னாரா இல்லையான்னு..."

"சத்தம் கேட்டுச்சே சார், நின்ன சத்தமா அது?" என்றாள் நர்ஸ். "வேணும்னா அவரை மறுபடி ஏறச் சொல்றேன். நீங்களும் கூட ஏறுங்க. ரெண்டு பேருக்கும் நாடி பார்த்து எழுதிடறேன்."

நாலாம் மாடிக் குரல் அவசரமாகக் குறுக்கிட்டது. "வேணாம். சரி. வேலை அவருக்குத்தான். நான் மேல வந்து கையெழுத்துப் போடறேன்." சொன்னாரே தவிர, காலணிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"ஒரு ஆளு நாலுல நிக்கறாரு" என்று அப்பா நர்ஸிடம் சொல்வது கேட்டது. "போய்க் கூட்டிட்டு வரேன்."

அவர் இறங்கத் தொடங்கினார். பட்டதாரி எழுந்தாள். வெளியாள் படியில் வரக் கூடாது. அவள் வந்தாள். ஒன்றாம் மாடியில் மூச்சு சரியாக இருந்தது. மூன்றாம் மாடியில் முழங்கால் ஏதோ சொன்னது, கேட்கவில்லை. நாலாம் மாடிக்கு அவளும் அப்பாவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நடுவில் அதிகாரி காலணியைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. அவளைப் பார்த்து, வெளியாள் என்று சொல்ல வாயெடுத்தார். மூச்சு போதவில்லை.

கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி குதித்துக்கொண்டிருந்தது, ஒரு மாதத்துக்கு முன்னால் அவளுடையது குதித்தது போல.

"மத்தியானம் என்ன சார் சாப்பிடறீங்க?" என்றாள் கோபமாக.

"பிஸ்... கட்டு."

அப்பா ஓரமாக ஒதுங்கி, கிராதியைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"மேலயா, கீழயா?"

"மேல" என்றாள் பட்டதாரி. "ரெண்டு பேர்."

"சரி. நீங்க முதலாளி இல்ல சார், அதனால மாடிக்கு மாடி நிப்பேன்" என்றார் அப்பா. "அவசரப்படாம வாங்க."